சிக்கல் எங்கே? நாட்பட்ட மலச்சிக்கலும் அதைச் சொல்லும் சொற்களும்

இவ்வுரைத் தொடரில் மலச்சிக்கலைப் பற்றிப் பேசவிருக்கிறோம் என்று சொன்னவுடன், நாற்பதாண்டு காலமாக நம்மோடு பழகிவரும் நண்பர் ஒருவர், ‘மொழியியல் படித்தவர் அவையில் எடுத்துப் பேசும் பொருளா இது?’ என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்தே சொல்லவேண்டும் என்பது நம் இலக்கணத்தின் பழங்கட்டளை. தொல்காப்பியம் அத்தகைய சொல்லை அவையல் கிளவி என்கிறது. நன்னூல் அதனை மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் எனப் பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு தகுதி வழக்கில் வைக்கிறது. தொல்காப்பியர் இவ்விதியைப் பிறர்க்கு மட்டும் சொன்னவர் அல்லர். பசுவின் கழிவைக் குறிக்கும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூற நேர்ந்த இடத்தில், அச்சொல்லை வெளிப்படச் சொல்லாமல், ‘ஆ’ என்பதன் முன்வரும் ஈகாரம் ஏறிய பகரம் என எழுத்தாகப் பிரித்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இலக்கண ஆசிரியரின் கூச்சம் இதைவிட அழகாக எங்கும் பதிவாகியிருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், கால் கழுவி வருதல், இரண்டுக்குப் போதல் என இன்றும் நாம் அவ்வழியிலேயே நடக்கிறோம். அவைக்கு இது பொருந்தும். மருத்துவரின் அறை அவையன்று. ஆயினும் அங்கும் அவை நாகரிகத்தையே சுமந்து செல்கிறோம். அதனால் நேரும் இழப்பு யாது என்பதை நம் குடும்பத்தில் கண்டோம். அதையும், சிறப்பு மருத்துவர்கள் இந்நோயை எவ்வாறு ஆராய்கிறார்கள் என்பதையும் ஒன்றோடொன்று சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ள முதியவர்களுக்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்து நிற்கும் மாணவர் பலர் இவ்வுரையைப் படிப்பர் என்பதால் இதனைச் சற்று விரித்தே சொல்கிறோம்.

முதலில் சொல். ‘சிக்கு’ என்பது கூந்தலிலும் நூலிலும் விழும் முடிச்சு. நோயின் பெயரில் அதுவே உவமையாக வந்து அமர்ந்திருக்கிறது. சித்த மருத்துவ நூல்களில் பயிலும் ‘மலபந்தம்’ கட்டுண்ட நிலையைக் காட்டுவது. மலக்கட்டு என்பதும் அப்பொருளதே. (மலம், பந்தம் என்னும் இரு சொற்களும் சைவ சித்தாந்தத்திலும் பெருவழக்கின. ஆங்கே அவை உயிரைப் பற்றிய அழுக்கையும் கட்டையும் குறிப்பன. சித்தாந்தம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பில் எழும் சிரிப்பைச் சமாளித்திருப்பார்கள்.) ஆங்கிலத்தில் வழங்கும் சொல், நெருக்கி அடைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. சீன மொழியின் ‘பியென்மீ’ என்னும் சொல்லில் இரண்டாம் எழுத்து, மறைவு, இரகசியம் என்னும் பொருளிலும் ஆளப்படுவது. முடிச்சு, கட்டு, நெருக்கம், மறைவு என மொழிக்கொரு படம் இருக்கிறது. ஆனால் தடை எவ்விடத்தில் நேர்கிறது என்பதை இவற்றுள் ஒன்றேனும் சொல்வதில்லை. சிறப்பு மருத்துவருக்கு வேண்டியதோ அதுவே.

நாளுக்கு ஒருமுறை போகவில்லையெனில் நோய் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். மருத்துவ உலகம் அதனை ஏற்பதில்லை. பிரிட்டனில் 1965-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாளுக்கு 3 முறை முதல் வாரத்திற்கு 3 முறை வரையிலான எல்லைக்குள் அடங்குகின்றனர் எனக் காட்டியது. இன்று உலகெங்கும் ஆளப்படும் ரோம் அளவுகோலின் நான்காம் பதிப்பு 2016-இல் வந்தது. அது ஆறு அறிகுறிகளைக் கூறி, அவற்றுள் இரண்டேனும் இருத்தல் வேண்டும் என்கிறது: முக்க வேண்டியிருத்தல்; மலம் இறுகியோ கட்டிகட்டியாகவோ இருத்தல்; முழுதும் கழியாத உணர்வு; வாயிலில் அடைத்து நிற்கும் உணர்வு; விரலாலோ கையாலோ உதவ வேண்டியிருத்தல்; வாரத்திற்கு மூன்று முறைக்கும் குறைவாகக் கழித்தல். முதல் ஐந்தும் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தடவைகளில் நேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமேனும் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் அது நிலைத்திருக்க வேண்டும்.

இப்பட்டியலை மொழிமாணவர் ஒருவர் படித்தால் உடனே ஒன்றைக் காண்பார். ஆறில் ஒன்று மட்டுமே எண்ணிக்கை. மற்றவை நோயாளி தம் வாயால் சொன்னாலன்றி வெளிவாராதவை. நம் பேச்சுத் தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொடர் உண்டு. ‘மூணு நாளாப் போகல’ என்பது எண்ணிக்கை. ‘கட்டிகட்டியாப் போவுது’ என்பது இறுக்கம். ‘முக்கி முக்கி உசிரு போவுது’ என்பது முயற்சி. ‘போயிட்டு வந்தும் வயிறு சுத்தமாகல’ என்பது முழுதும் கழியாமை. ‘அடைச்சுக்கிட்டு நிக்குது’ என்பது தடை. இவ்வைந்தையும் ஒரே சொல்லாகச் சுருட்டி மருத்துவரிடம் கொடுப்பவர் யார் என்றால், நம்மைப் போன்று படித்த மொழிபெயர்ப்பாளரே.

எங்கள் தாயாருக்கு அப்போது 79 வயது. தஞ்சைப் பகுதிச் சிற்றூரில் பிறந்து, திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். தமிழும் சந்தை மலாயும் தவிர வேறு மொழி அறியாதவர். முதன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவர் கால்மணி நேரம் தம் துன்பத்தைச் சொன்னார். நாம் அதனை மருத்துவர்க்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக மொழிபெயர்த்தோம்: மலச்சிக்கல், சில ஆண்டுகளாக. அம்மருத்துவர் செய்தது குற்றமன்று. அச்சொல்லுக்கு உரிய மருத்துவத்தைச் செய்தார். நார்ச்சத்து மிகுந்த உணவு, நிறையத் தண்ணீர், லாக்டுலோஸ் பாகு. குறையாதபோது பாகின் அளவு கூடியது. வயிறு உப்பியது; காற்று பிரிந்தது; தாயார் வெளியே செல்வதையே நிறுத்திக்கொண்டார். கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்றார். இவ்வாறு இரண்டாண்டு கழிந்தது. தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தம் தாயின் பேச்சை மொழிபெயர்த்த திறம் இது.

சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டபோது, அவர் நம்மிடம் கேட்ட முதல் வேண்டுகோள் இன்றும் நினைவில் நிற்கிறது. நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். அம்மா சொல்வதை அவர் சொல்லும் வகையிலேயே ஒவ்வொரு தொடராகச் சொல்லுங்கள் என்றார். தாயார் சொன்னது இது: ‘வராம இல்லப்பா. தெனமும் வருது. வாசப்படி வரைக்கும் வந்து அங்கேயே நின்னுக்கிது.’ அத்தொடரை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னோம். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஏன் நிமிர்ந்தார் என்பதை அறியக் குடலின் வேலையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. சிறுகுடலிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நீர்மம் அதற்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சியதை மெல்லப் பிசைந்து முன்னே தள்ளுகிறது. நாளில் சில முறை மட்டும், பெரும்பாலும் விழித்தெழுந்த பின்னும் உணவுக்குப் பின்னும், வலிய அலையொன்று எழுந்து சரக்கை நெடுந்தொலைவு நகர்த்துகிறது. காலையில் காப்பி குடித்தவுடன் எழுந்து போகும் நம் பெரியோரின் வழக்கத்திற்கு உடலியல் அடிப்படை உண்டு. இந்த நகர்த்தல் ஒரு வேலை.

விடுவித்தல் வேறொரு வேலை. மலக்குடல் நிரம்பியதும், அகச் சுருக்குத் தசை தானே தளர்கிறது. அதன்பின் நாம் வயிற்றை அழுத்தி முக்கும்போது, புறச் சுருக்குத் தசையும், மலக்குடலைக் கவண் வார் போல முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் இடுப்புத் தளத் தசையும் தளர வேண்டும். அந்த வார் தளர்ந்தால் வளைந்திருந்த வழி நேராகிறது. குந்தி அமரும்போது அது மேலும் நேராகும். மேலே தள்ளுதலும் கீழே தளர்தலும் ஒரே கணத்தில் நிகழ வேண்டிய இணைவு இது. சிலருக்கு இந்த இணைவு பிறழ்ந்துவிடுகிறது. முக்கும்போது தளரவேண்டிய தசை இறுகுகிறது. கதவைத் தள்ளிக்கொண்டே தாழையும் போடுவது போன்ற நிலை. குழந்தைப் பேற்றின் பின்னும் முதுமையிலும், மலக்குடலின் முன்சுவர் தளர்ந்து பை போலப் பிதுங்கி, அதில் மலம் தங்கிவிடுவதும் உண்டு.

ஆகவே வேறு நோய் காரணமின்றி வரும் நாட்பட்ட மலச்சிக்கலை மருத்துவர்கள் மூன்றாகப் பகுக்கின்றனர். நகர்த்தல் மெதுவாதல் ஒன்று. இதில் குடலின் இயக்கத்திற்குத் தாளம் தரும் உயிரணுக்கள் குறைந்திருப்பதைக் கண்டுள்ளனர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் காஹாலின் பெயரால் அவை வழங்குகின்றன. விடுவித்தல் கெடுதல் மற்றொன்று. நகர்த்தலும் விடுவித்தலும் சோதனையில் சரியாக இருந்தும் தொல்லை இருத்தல் மூன்றாவது. எண்ணிக்கையில் பெரியது இதுவே. சிலரிடம் முதலிரண்டும் சேர்ந்தே காணப்படும். நார்ச்சத்து மூன்றாம் வகையினருக்கு நன்கு உதவும். வாயில் திறவாதவருக்கு மேலும் மேலும் நாரைக் கொடுப்பது, அடைபட்ட கதவின் பின்னால் மேலும் ஆட்களை அனுப்புவதாகவே முடியும். தாயாரின் உப்பிய வயிற்றின் காரணம் அதுவே.

இம்மூன்றுக்கும் முன்னதாகச் சிறப்பு மருத்துவர் விலக்கிப் பார்க்க வேண்டியவை சில உள்ளன. முதலாவது மருந்து. வலிக்குக் கொடுக்கும் கோடீன், டிராமடால் முதலிய ஓப்பியாய்டு மருந்துகள், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், குருதியழுத்தத்திற்கான வெராபமில், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடங்காமைக்கான சில மருந்துகள், சளிக்கு வாங்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் ஆகிய யாவும் குடலை மந்தப்படுத்துவன. இங்கும் ஒரு சொற்சிக்கல் உண்டு. ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால், நம் பெரியவர்கள் ‘ஒண்ணுமில்லை’ என்பார்கள். இரும்பு மாத்திரை அவர்களுக்கு மருந்தன்று, ‘சத்து மாத்திரை’. கோடீன் கலந்த பாகு ‘இருமல் தண்ணி’. விளக்கெண்ணெயும் சூரணமும் மருந்துக் கணக்கில் வருவதே இல்லை. எங்கள் தாயார் இரவுதோறும் நிலாவாரைச் சூரணம் உட்கொண்டுவந்ததை அன்றுதான் அறிந்தோம். நிலவாகை என்றும் பெயருடைய அச்செடியின் இலையே மருந்தகங்களில் சென்னா என்ற பெயரில் மாத்திரையாகக் கிடைப்பது. உலக மருந்து வணிகத்தில் அதன் ஒருவகை திருநெல்வேலியின் பெயராலேயே அறியப்படுகிறது. ஆகவே இவ்வினாவைத் தமிழில் கேட்பவர், மருந்து, சத்து மாத்திரை, கைவைத்தியம் என மூன்றாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

இரண்டாவது உடலின் பிற நோய்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, நெடுநாள் நீரிழிவு, குருதியில் கால்சியம் மிகுதல், பொட்டாசியம் குறைதல், தண்டுவடக் காயம் ஆகியன குடலை மந்தமாக்கும். பார்க்கின்சன் நோயில் கைந்நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மலச்சிக்கல் தொடங்கிவிடலாம். அந்நோயை 1817-இல் விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், தம் கட்டுரையிலேயே குடலின் மந்தத்தைக் குறித்துள்ளார். பிறந்த குழந்தைக்கு முதல் மலம் கழியத் தாமதமானால் மருத்துவர் நினைவுக்கு வருவது ஹிர்ஷ்ப்ருங் நோய். குடலின் கடைப்பகுதியில் நரம்பணுத் திரள்கள் பிறவியிலேயே இல்லாமை அது. டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங் 1886-இல் பெர்லினில் அதனை விளக்கினார்.

மூன்றாவது புற்றுநோய் ஐயம். இவ்விடத்தில் கூச்சத்தின் விலை மிக அதிகம். மலத்தில் குருதி, காரணமின்றி எடை குறைதல், இரும்புக் குறைவால் வந்த சோகை, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய், ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் குடலின் உட்புறத்தை அகநோக்கி கொண்டு பார்க்கும் சோதனைக்கு ஏற்பாடு செய்வர். ‘ரத்தம் போகிறதா?’ என்று கேட்டால் ‘மூலம் இருக்கு’ என்று விடை சொல்வோர் நம்மவருள் பலர். அது விடையன்று, நோயாளி தாமே முடிவுசெய்துகொண்ட காரணம். மொழிபெயர்ப்பவர் ‘மூலம்’ என்பதை மட்டும் பெயர்த்துச் சொல்லிவிட்டால் குருதி என்னும் செய்தி மறைந்துபோகும். இவ்வறிகுறிகள் எவையும் இல்லாதவருக்கு, மலச்சிக்கல் ஒன்றுக்காக மட்டும் அகநோக்கிச் சோதனை வேண்டுவதில்லை.

மலத்தின் தோற்றத்தைக் கேட்டறிய மருத்துவர்கள் ஓர் அட்டையைக் காட்டுகின்றனர். பிரிஸ்டல் நகரில் உருவாகி, 1997-இல் லூயிஸ், ஹீட்டன் என்பார் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது அது. ஏழு வகைகளின் படமும் விளக்கமும் அதில் உண்டு. முதல் வகை, கொட்டைகள் போல் தனித்தனிக் கட்டிகள். ஏழாவது வெறும் நீர். முதலிரண்டு வகைகள் குடலில் நெடுநேரம் தங்கியதன் அடையாளம். இவ்வட்டையை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தோம். ஆங்கில மூலம் ஏழு வகைகளில் மூன்றைக் குடலில் அடைத்த இறைச்சிப் பண்டத்தோடு ஒப்பிடுகிறது. எங்கள் தாயார் அப்பண்டத்தைக் கண்டதும் இல்லை, மரக்கறி உண்பவராதலால் காண விரும்பவும் மாட்டார். முதல் வகைக்கு மாணவர்கள் நொடியும் தாமதியாமல் ‘ஆட்டுப் புழுக்கை’ என்றனர். தமிழில் அச்சொல் மூலத்தைவிடத் துல்லியமாக இருக்கிறது. நான்காம் வகைக்கு வாழைப்பழம் வந்தது. ஆறாவதற்குக் கூழ் என்றார் ஒருவர். உண்ணும் பொருளோடு ஒப்பிடலாமா என்று மற்றொருவர் மறுத்தார். மணி அடிக்கும்வரை வாதம் முடியவில்லை. இரண்டாம் வகைக்கு நல்ல உவமையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனிச் சோதனைகள். ஏனைய சோதனைகளுக்கெல்லாம் முன்னது மருத்துவரின் விரல். ஆசனவாயினுள் உறையிட்ட விரலை வைத்து, முதலில் இறுக்கச் சொல்வார். பின்னர் முக்கச் சொல்வார். முக்கும்போது தசை தளர்ந்து வாயில் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காமல் விரலைக் கவ்வினால் அதுவே பெரிய துப்பு. எளிய சோதனைதான், ஆனால் அதன் முடிவு இரண்டு ஏவல் வினைகளைச் சார்ந்திருக்கிறது. தாயார் படுத்திருந்த கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தனர். திரைக்கு இப்பால் நின்று நாம் மொழிபெயர்த்தோம். இறுக்கும்படி மருத்துவர் சொன்னபோது ‘அழுத்திப் பிடியுங்கள்’ என்றோம். முக்கும்படி சொன்னபோது, அவ்வினையைத் தாயிடம் சொல்ல நா எழாமல், ‘அழுத்தம் கொடுங்கள்’ என்றோம். தாயார் இரண்டு முறையும் இறுக்கினார். உடனிருந்த தமிழ்ச் செவிலியர் ஒருவர், ‘ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க’ என்று நம்மை அனுப்பிவிட்டு, ‘பாட்டி, வெளிக்கு இருக்கறப்ப முக்குவீங்கல்ல, அதே மாதிரி முக்குங்க’ என்றது கதவு மூடுமுன் காதில் விழுந்தது.

இடக்கரடக்கல் ஒரு சோதனையின் முடிவையே மாற்றிவிட வல்லது என்பதை அக்கணத்தில் உணர்ந்தோம். அழுத்து என்னும் வினை, உள்நோக்கியும் வெளிநோக்கியும் செல்லும் பொதுவினை. இறுக்கு, முக்கு என்பன எதிர்த்திசையில் இயங்கும் சிறப்பு வினைகள். நாகரிகம் கருதிப் பொதுவினையைக் கையாண்டால், நலமான தசையும் நோயுற்ற தசை போலத் தோன்றும்.

அச்செவிலியரே நாம் கேட்கத் துணியாத மற்றொன்றையும் கேட்டார்: விரல் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறதா? நான்காண்டுகளாக அப்படித்தான் என்றாராம் தாயார். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தவரிடம் நாம் அறியாத செய்தி அது. ரோம் அளவுகோலின் ஐந்தாம் அறிகுறி அது. விடுவித்தல் கெட்டிருப்பதை நோக்கிக் கைகாட்டுவது.

விரலை அடுத்து இரு சோதனைகள் செய்தனர். ஒன்று அழுத்தமானி. உணரிகள் பதித்த மெல்லிய குழாயை உட்செலுத்தி, இறுக்கும்போதும் முக்கும்போதும் மலக்குடலிலும் ஆசனவாயிலும் அழுத்தம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் காண்பது. மற்றது பலூன் சோதனை. 50 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர் நிரம்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து, தனியறையில் கழிப்பிருக்கையில் அமர்ந்து வெளியேற்றச் சொல்வர். நலமுடையவர் பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் வெளியேற்றிவிடுவர். ஒரே சோதனையை நம்பி முடிவு கூறாமை நல்ல மருத்துவரின் வழக்கம். ஏனெனில் நோயற்றவருள்ளும் சிலர், கூச்சத்தாலோ படுத்த நிலையாலோ, அழுத்தமானியில் பிறழ்ந்த கோட்டைக் காட்டுவதுண்டு. இரண்டும் ஒத்துவந்தால் ஐயம் நீங்கும். ஒவ்வாதபோது, பேரியம் குழம்பை மலக்குடலில் இட்டு எக்ஸ்-கதிரிலோ, எம்.ஆர்.ஐ. கருவியிலோ கழிக்கும் நிகழ்வையே படமாக்கிப் பார்ப்பர். முன்சுவர்ப் பிதுக்கம் போன்ற அமைப்புக் குறைகளும் அதில் தெரியும்.

நகர்த்தலை அளக்கும் முறை எளிமையால் நம்மைக் கவர்ந்தது. எக்ஸ்-கதிரில் தெரியும் சிறு துகள்களை விழுங்கச் செய்து, அவை செல்லும் வேகத்தைப் படமெடுத்துக் காணும் இம்முறையை ஹின்டனும் அவர்தம் துணைவரும் 1969-இல் வெளியிட்டனர். இப்போது வழக்கிலுள்ள ஒரு முறையில் கூட்டுறைக்குள் 24 வளையங்கள் இருக்கும். ஐந்தாம் நாள் படத்தில் ஐந்துக்கு மேற்பட்டவை எஞ்சியிருந்தால் குடல் மெதுவாக இயங்குகிறது என்று கொள்வர்.

இச்சோதனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறை, நார்ச்சத்துக்கும் எளிய மலமிளக்கிகளுக்கும் கட்டுப்படாதவருக்கு முதலில் வாயிலைச் சோதிக்கச் சொல்கிறது; குடலின் வேகத்தை அதன் பின்னரே அளக்கச் சொல்கிறது. வாயில் அடைபட்டிருந்தால் மேலே உள்ள குடலும் அதன் காரணமாகவே மெதுவாகக்கூடும். வேகத்தை முதலில் அளந்தவர், விளைவைக் காரணம் என்று எண்ணி மயங்குவர். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக்கொள்வது ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பழகிய பிழை என்பதை ஆய்வேடுகள் திருத்தியவர் அறிவர்.

தாயாரின் பலூன் ஐந்து நிமிடமாகியும் வெளிவரவில்லை. அழுத்தமானியும், இம்முறை சரியான வினைகளால் ஏவப்பட்டு, அதையே சொன்னது. அவருக்குத் தந்தது மருந்தன்று, பயிற்சி. உணரியின் அழுத்தம் கணினித் திரையில் கோடாகத் தெரிய, அதைப் பார்த்தபடியே தசையைத் தளர்த்தப் பழகுவது அது. இணைவு பிறழ்ந்தவருக்கு இப்பயிற்சி மலமிளக்கிகளைவிடப் பயன் தருவதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுத்தறியாத தாயார் அக்கோட்டைப் படிக்க இரண்டே அமர்வுகளில் கற்றுக்கொண்டார். காலுக்குக் கீழே சிறு முக்காலி வைத்து, முழங்காலை உயர்த்தி அமரவும் சொல்லிக்கொடுத்தனர். ‘ஊர்ல குந்திதானே இருந்தோம்’ என்றார் அவர்.

பாகின் அளவு பாதியாகக் குறைந்திருந்த காலம் அது. ஒரு முற்பகலில் புணர்ச்சி விதிகளை நடத்திக்கொண்டிருந்தோம். வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. முதியவர் தனியே இருப்பதால் எடுத்தோம். அவசரத்தில் விரல் தவறி ஒலிபெருக்கிப் பொத்தானில் பட்டுவிட்டது. ‘தம்பி, இன்னைக்குத் தானா வெளிக்குப் போயிடுச்சுப்பா, முக்கவே இல்ல!’ என்றது தாயாரின் குரல், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி.